ஆற்காட்டு நவாபின் கடன்

குரோம்பேட்டை என்னும் பெயர் குரோம் தோல் தொழிற்சாலையால் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண் ஒரு கடன் கணக்கில் கைமாறிவிட்டது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, தமக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய போர்களுக்கு ஈடாக, 1763இல் செங்கல்பட்டுச் சீமையை அதற்கு ஜாகீராக வழங்கினார். பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்கள் அச்சீமையைச் சேர்ந்தவை. பின்னர் 1780 வரை அதே நிலத்தைக் கம்பெனியிடமிருந்தே அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். உரிமையாளர் குத்தகைக்காரரானார்.

கம்பெனி கேட்ட போர்ச் செலவைக் கட்ட, அதன் ஊழியர்களிடமே நவாப் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். ஆண்டு வட்டி 20, 25 விழுக்காடு. தொடக்கத்தில் 36 வரையும் சென்றது. கட்ட முடியாத வட்டி முதலோடு சேர்ந்தது; அம்முதலுக்குப் புதுப் பத்திரம் எழுதப்பட்டது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். நவாபிடம் எழுத்துக்குக் குறைவில்லை. எழுதியவற்றுள் எது உண்மையான கடன், எது வட்டிக்கு வட்டி என்று பிரித்தறிய ஒருவராலும் இயலவில்லை என்பதே துயரம்.

தவணைக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாய் கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. அறுவடைக்கு முன்பே வரி கேட்டு ஆள் வந்து நின்றான். பத்திரத்தையே பார்த்திராத உழவன் கொடுத்தான். தஞ்சையின் வருவாய்மீது தனக்குப் பாத்தியதை உண்டென்று பால் பென்ஃபீல்டு வாதாட, அரசை மராட்டிய மன்னரிடமே திருப்பியளித்த சென்னை ஆளுநர் பிகட்டை அவருடைய சபையினரே 1776 ஆகஸ்டில் கைது செய்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இக்கடன்களைப் பற்றி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாற்றினார். கடன் அதனால் குறையவில்லை.

வாலாஜா 1795இல் மறைந்தார். 1801இல் கம்பெனி கர்நாடகத்தின் ஆட்சியை எடுத்துக்கொண்டது. சொல்லப்பட்ட காரணம் திப்பு சுல்தானுடன் கடிதத் தொடர்பு என்பதே. ஆனால் கருவூலம் வெறுமையாயிராத ஓர் அரசை அவ்வளவு எளிதாக அசைத்திருக்க முடியுமா என்பது ஐயத்திற்குரியது. புதிய நவாப் அஸீமுத்தவ்லாவுக்கு வருவாயில் ஐந்திலொரு பங்கு மட்டும் ஒதுக்கப்பட்டது.

பழைய கடன்களை ஆராய 1805இல் ஆணையர்கள் அமர்ந்தனர். கோரப்பட்ட தொகை 3 கோடி பவுனுக்கும் மேல். போலிப் பத்திரங்கள் குவிந்திருந்தன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு விசாரித்து, பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே ஏற்றுக்கொண்டனர்.

இறுதி நவாப் குலாம் கவுஸ் கான் 1855இல் பிள்ளைப்பேறின்றி இறந்தபோதும் கடன் இருந்தது. அவருடைய சொத்தைக் கொண்டு கடன்களை அடைப்பதற்கென்றே 1858இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை விற்பனைக்கு வந்தது, அரசாங்கமே வாங்கிக்கொண்டது.

இன்று வங்கியில் அடகு வைத்த வீட்டின் கடன் வாராக்கடனாகிவிட்டால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, 60 நாள் அறிவிப்புக்குப் பின் நீதிமன்ற வழக்கின்றியே வங்கி அதைக் கையகப்படுத்தலாம். ஆனால் வசதியில்லாமையால் மட்டும் கடனைக் கட்டாதவரைச் சிறையிலடைக்கக் கூடாதென 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசதியிருந்தும் கட்ட மறுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வாலாஜா குடும்பத்திற்கு 1867இல் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டமும், பின்னர் ராயப்பேட்டையில் அமீர் மஹாலும் கிடைத்தன. சேப்பாக்கம் திரும்பவில்லை.