நம்ம ஸ்டாப்புக்கு பஸ் வராத கதை



சென்ற கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டவை இரண்டு: தண்ணீர் லாரி, பஸ். தண்ணீரைப் பற்றிச் செயலாளர் எழுதுவார். பஸ் என் பங்குக்கு வந்தது. "எம்.டி.சி.க்கு ஒரு மனு போட்டால் போதாதா?" என்று ஒருவர் கேட்டார். போதாது. அதற்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

நம் பகுதியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது எப்போதுமே சுலபமாக இருந்ததில்லை. மாமல்லபுரத்துக்கு இன்றும் ரயில் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே போக விரும்பியவர்கள் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறினார்கள். இல்லாவிட்டால் செங்கல்பட்டு வரை ரயிலில் வந்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டுவண்டி பிடித்தார்கள். இறங்கிய இடத்தில் அடுத்த வண்டி கிடைக்குமா என்ற கவலை அன்றைக்கே இருந்தது.

சென்னையில் அரசு பஸ் 1947-ல் ஓடத் தொடங்கியது. 1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. மாமல்லபுரத்தைச் செதுக்கிய வம்சத்தின் பெயர்! இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் அதன் வாரிசுதான். அதே காலத்தில்தான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், அதாவது சி.எம்.டி.ஏ.வும், உருவானது. கிட்டத்தட்ட ஒத்த வயதுக்காரர்கள். ஆனால் பஸ் போக்குவரத்துத் துறையின் கீழ். நகரமைப்பு வீட்டுவசதித் துறையின் கீழ்.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? ஒரு பஸ் உங்கள் வாசலுக்கு வர என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். திரும்ப இடம் வேண்டும். நிற்க ஒதுக்கிடம் வேண்டும். இரவில் நிறுத்தப் பக்கத்தில் பணிமனை வேண்டும். இல்லாவிட்டால் காலையில் ஆளில்லாமல் பல கிலோமீட்டர் ஓடி வந்து, டீசல் செலவிலேயே அந்தத் தடம் நஷ்டக் கணக்கில் சேரும். இவற்றில் பஸ் கழகத்தின் கையில் இருப்பது பஸ்ஸும் ஊழியர்களும் பணிமனையும்தான். ஜி.எஸ்.டி. ரோடு தேசிய நெடுஞ்சாலை. மாமல்லபுரம் வரையிலான ஈ.சி.ஆர். மாநிலத்தின் பொறுப்பு. ரயில் மத்திய அரசுடையது. நிலத்தை என்ன செய்வது என்று தீர்மானிப்பது நகரமைப்பு அதிகாரிகள். எல்லோரும் முடிவெடுத்த பிறகு, கடைசியில் பஸ் கழகத்துக்குத் தகவல் வரும்.

கோயம்பேட்டைப் பாருங்கள். பாரிமுனை நெரிசலுக்குத் தீர்வாக, சுமார் 37 ஏக்கரில் சி.எம்.டி.ஏ. கட்டிய வெளியூர் பேருந்து நிலையம் 2002 நவம்பர் 18 அன்று திறக்கப்பட்டது. அதன் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூன் 29 அன்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, பெட்டி படுக்கையோடு இறங்கியவர்களை ஊருக்குள் சுமந்தது பெரும்பாலும் மாநகரப் பேருந்துதான்.

அடுத்தது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கிளாம்பாக்கத்தில் 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 88 ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தில் நிலையம் எழுந்து, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கட்டடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. தண்டவாளம் மட்டும் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. மெட்ரோ காகிதத்தில் இருந்தது. இரவில் இணைப்பு பஸ் போதவில்லை என்று பயணிகள் குறைப்பட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மறுபடியும் மாநகரப் பேருந்துதான் ஓடி ஓடி இடைவெளியை நிரப்பியது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சி.எம்.டி.ஏ.வின் பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். செங்கல்பட்டும் மாமல்லபுரமும் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தன. 2022 அக்டோபரில்தான் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதற்கு முன்பே மாநகரப் பேருந்து கோட்டைத் தாண்டி இரண்டு ஊருக்கும் போய் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது வரைபடத்துக்குத் தெரிய இத்தனை வருடம் ஆனது.

இந்தத் துறைகளை ஒரே மேஜையில் உட்காரவைக்கத்தான் 'கும்டா' எனப்படும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வந்தது. சட்டம் 2010-ல் வந்தது. முதலமைச்சர் தலைமையில் குழுமம் முதன்முறையாகக் கூடியது 2022 நவம்பரில். தாமதம்தான், ஆனாலும் பயன் தெரியத் தொடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். லண்டனில் பஸ்ஸையும் மெட்ரோவையும் முக்கிய சாலைகளையும் ஒரே அமைப்பு 2003-லிருந்தே கவனித்து வருகிறது. நாம் இப்போதுதான் அந்தப் பாதையில் காலெடுத்து வைத்திருக்கிறோம்.

சரி, நமக்கென்ன? கார் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களை நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆனால் அந்த பஸ் வராத சாலையில் அந்தச் சலுகை வெறும் அறிவிப்புதான். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. இரவுப் பணி முடிந்து போகும் காவலாளி, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், இனி வண்டி ஓட்ட முடியாத நம் பெற்றோர் எல்லோருக்கும் இதே கதைதான்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் தனியே புதுநகர் வளர்ச்சித் திட்டங்களும், புதிய பேருந்து நிலையங்களும் சி.எம்.டி.ஏ.வின் கையில் இருக்கின்றன. இப்படிப்பட்ட திட்டங்களின் வரைவு வெளிவரும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ரோடு போட்டு முடித்த பிறகு பஸ் கேட்பதைவிட, கோடு போடும்போதே கேட்பது நல்லது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்தும், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர்களிலிருந்தும், யார், எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள், இப்போது எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகப் பெட்டியில் போடுங்கள். பெயர் வேண்டாம். அதைத் தொகுத்து எம்.டி.சி., சி.எம்.டி.ஏ., கும்டா மூன்றுக்கும் ஒரே கடிதமாக அனுப்புவோம். அவர்கள் ஒரே மேஜையில் உட்காரும்போது நம் தாளும் அந்த மேஜையில் இருக்கட்டும்.