அம்மை எழுந்தருளும் வழி

களியக்காவிளைச் சந்தையைக் கடந்து, தமிழ்நாட்டின் கடைசிக் கடையும் கேரளத்தின் முதற்கடையும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்ற அந்த நெடுஞ்சாலையில், தமிழர் புரட்டாசி என்றும் மலையாளிகள் கன்னி என்றும் வழங்கும் மாதத்தில் ஒருநாள், லாரிகளும் பஸ்களும் ஓரம் ஒதுங்கி நிற்க, யானையின்மேல் சரஸ்வதி தேவியும், பின்னே பல்லக்குகளில் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பாறசாலையை நோக்கி எழுந்தருளுவார்கள். வாசல்தோறும் குத்துவிளக்கு எரியும்; நெல் நிறைந்த பறையில் தென்னம்பூங்குலை செருகியிருக்கும்; தட்டத்தில் பழமும் பூவும் வெற்றிலையும் காத்திருக்கும். அண்டை வீட்டாரிடம் மலையாளமும் அடுக்களையில் தமிழுமாக நாளைக் கழிக்கும் அவ்வூர்க் கிழவிகள், தூரத்தில் மேளம் கேட்டதும், "அம்மை வாறா, பிள்ளே" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தாங்கள் முந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இந்த யாத்திரையின் பூர்வோத்தரம் திருவிதாங்கூர் அரசின் சரித்திரத்தோடு பிணைந்தது. பத்மநாபபுரம் அவ்வரசின் தலைநகராக இருந்த நாளில், அரண்மனையைச் சார்ந்த தேவாரக்கட்டிலே இருந்த சரஸ்வதியின் சந்நிதியில்தான் நவராத்திரி நடந்துவந்தது. அந்த விக்கிரகம் கவிச்சக்கரவர்த்தி கம்பர் பூஜித்தது என்றும், அவருடைய அந்திய காலத்தில் சேர மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும் ஓர் ஐதிகம் வழங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராஜா எனப்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மரின் ஆட்சியில், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசர் போனார், கஜானா போயிற்று, உத்தியோகஸ்தர் போனார்கள். அம்மை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் நவராத்திரி விழாவும் புதிய தலைநகருக்குப் போனது என்பது பரவலாக வழங்கும் செய்தி. குடும்பம் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பின்னும் பழைய வீட்டைவிட்டு வர மனமில்லாத பாட்டியைப் பண்டிகைக்கு மட்டும் கெஞ்சி அழைத்துப்போய், பண்டிகை முடிந்த மறுநாளே பத்திரமாகக் கொண்டுவந்து விடுவது நம் வீடுகளில் கண்ட காட்சிதானே. அரண்மனையும் அதைத்தான் செய்தது.

வழி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயில். இரண்டாம் நாள் களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று வந்து, இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கோட்டைக்குள் பிரவேசம். அங்கே சரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் எழுந்தருளியிருப்பார்கள். விஜயதசமிக்குப் பிறகு ஒருநாள் 'நல்லிருப்பு' என்னும் ஓய்வு. அதன்பின் வந்த வழியே திரும்புதல். அரசரின் உடைவாள் யாத்திரைக்கு முன்னே செல்லும். அரசாட்சி போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் வாள் மட்டும் வருஷந்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த வழியின் குறுக்கே மாநில எல்லையாக ஒரு கோடு விழுந்தது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே தமிழ்நாட்டுக்குக் கேட்டுப் போராடியது; கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும். பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தாலுகாவோடு கேரளத்தில் நின்றுவிட்டது. பத்மநாபபுரம் ஊர் தமிழ்நாட்டுக்கும் அதன் அரண்மனை கேரள அரசுக்குமாக அமைந்த விசித்திரமும் அப்போது நேர்ந்ததுதான். ஆகவே ஒரே ராஜ்யத்துக்குள் நடந்த யாத்திரை, இரண்டு மாநிலப் போலீஸாரும் களியக்காவிளையில் மரியாதை செய்து ஒருவரிடமிருந்து ஒருவர் பொறுப்பேற்கும் யாத்திரையாயிற்று. தெய்வங்கள் எல்லையில் நிற்பதும் மேளம் முழங்குவதும் மறுபுறத்தார் எதிர்கொள்வதுமான அந்தச் சில நிமிஷங்களைப் பார்க்கும்போது, பாகப்பிரிவினை நடந்த வீட்டில் பொதுத் திண்ணையை மட்டும் பிரிக்காமல் விட்டுவைத்தாற்போல எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தக் கோடு விழுவதற்கு முப்பத்திரண்டு வருஷங்கள் முன்னர், 1924இல், அதே பாறசாலையில் ஒரு தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் பாடகி பொன்னம்மாள். 1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி தொடங்கப்பெற்று, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல்வராக அமர்ந்தார். அவருக்குப் பின் அப்பொறுப்பு செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் வந்தது. மறதியில் கிடந்த சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைத் திரட்டி, ஸ்வரப்படுத்தி, மறுபடி கச்சேரிக்குக் கொண்டுவந்த பெருமை இவ்விரு வித்துவான்களுக்கும் உரியது. அந்த வேலை மும்முரமாக நடந்த காலத்தில், அக்கலாசாலையில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பின்னர் அங்கேயே ஆசிரியையானார், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வராகவும் பணிபுரிந்தார். ஓய்வு பெற்ற பின்னர் பெரிய மேடைகளின் ஆரவாரத்திலிருந்து விலகி வாழ்ந்த அவரை, சங்கீத உலகமும் ஏறக்குறைய மறந்தே இருந்தது. மாணாக்கர் பெயர் பெறுவதும் ஆசிரியர் வீட்டுக்குள் இருப்பதும் நம் நாட்டில் புதிதல்ல.

இனி, அம்மை போய்ச் சேரும் அந்த மண்டபத்தைப் பார்க்கலாம். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய அரண்மனையில் உள்ளது அது. எண்ணெய் விளக்குகளின் வெளிச்சமே வெளிச்சம். எதிரொலி மீறாமல் நாதத்தை அடக்கிக்கொள்ளும்பொருட்டு மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மாலையில் முல்லமூடு பாகவதர்கள் தோடயம் பாடித் தொடங்கிவைக்க, அதன்பின் அன்றைய வித்துவான் அன்றைக்கென்று விதிக்கப்பட்ட சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதியை மையமாக வைத்துப் பாடவேண்டும்: முதல்நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி என்று வரிசையாகப் போய், ஒன்பதாம் நாள் ஆரபியில் முடியும். விஸ்தாரமான ஆலாபனைக்கு இடந்தருகின்ற ராகங்களாகவே பெரும்பாலும் அமைந்திருப்பதால், அவசரக்காரப் பாடகருக்கு அந்த மண்டபம் ஏற்ற இடமன்று. ஆடவர் மேலாடையின்றி வேட்டியுடன் அமர்ந்து கேட்பார்கள். பாட்டு எவ்வளவு உயர்ந்தாலும் கைதட்டும் வழக்கம் கிடையாது. பாடுவது அம்மையின் முன்னிலையில், சபைக்காக அன்று, என்பது அங்குள்ள சம்பிரதாயம்.

அந்தச் சம்பிரதாயத்தில் இன்னொன்றும் இருந்தது: பெண்கள் பாடுவதில்லை. ஒன்பது கிருதிகளும் அம்மையைக் கூவி அழைக்கும் பாட்டுகள். கேட்பவள் கல்விக்கும் கானத்துக்கும் அதிதேவதை. அவளோடு கூடவே வந்து செந்திட்டையில் இருப்பவளும் ஒரு நங்கை. இத்தனையும் இருக்க, அவள் முன்னே பாடும் குரல் மாத்திரம் ஆண்குரலாகவே இருக்கவேண்டும் என்று யார் எப்போது விதித்தார்கள் என்று கேட்டால், 'பண்டே அப்படித்தான்' என்ற பதிலே கிடைக்கும். அந்தப் பதிலைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். கேள்வி தங்களுக்குத் தோன்றாதவர்கள்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த, தாமும் பாடகரான ராமவர்மரின் முயற்சியால், 2006ஆம் ஆண்டு நவராத்திரியில் அந்த மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண் பாடினார். பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அவருக்கு அப்போது 82ஆவது பிராயம் நடந்துகொண்டிருந்தது. முந்நூறு வருஷத்து வழக்கத்தை அவர் உடைத்தார் என்று பிற்பாடு எழுதப்படுவதுண்டு. எனக்கு அந்தக் கணக்கில் சம்மதமில்லை: சுவாதித் திருநாள் ஆண்டதே 1829 முதல் 1846 வரைதான், அவருடைய கிருதிகளைப் பாடும் மரபு அதற்குமேல் முதுமை உடையதாக இருக்க முடியாது. வழக்கத்தின் வயதைக் கூட்டிச் சொன்னால் அதை உடைத்தவரின் பெருமை கூடுமென்று எண்ணிவிட்டார்கள் போலும். எனக்கு வியப்பாக இருப்பது வேறொரு கணக்கு. கலாசாலையில் முதல் மாணவியாக அவர் நுழைந்ததற்கும் அந்தக் கலாசாலைக்குப் பெயர் தந்த மகாராஜாவின் மண்டபத்தில் அமர்ந்து பாடியதற்கும் இடையே அறுபது வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது. அவர் பிறந்த ஊரின் வழியாகவே அம்மை அத்தனை வருஷங்களும் போகவும் வரவுமாக இருந்திருக்கிறாள்.

அதன்பின் மேடைகள் அவரைத் தேடி வந்தன. எண்பதைக் கடந்து தொண்ணூறையும் கடந்த அந்தக் குரல், இன்றைய கச்சேரிகளின் வேகத்துக்கு இணங்காமல், விளம்ப காலத்தில் நிதானமாக அடியெடுத்து வைத்ததை, இளம் ரசிகர்கள் ஏதோ புதுப்பாணியைக் கேட்பதுபோல் கேட்டார்கள். உள்ளபடியே அது அவர்கள் கேட்கத் தவறிய பழைய பாணி. 2017இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதே நெடுஞ்சாலையிலுள்ள நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவரும் செம்மங்குடியின் சிஷ்யருமான வாசுதேவனுக்கு அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே அந்த விருது கிடைத்திருந்தது. 2021 ஜூன் மாதத்தில், 96ஆம் வயதில் பொன்னம்மாள் காலமானார்.

போகும் நாளைக் காட்டிலும் திரும்பும் நாளில் பாறசாலையில் கூட்டம் குறைவு. கட்டிய குருத்தோலை காய்ந்து பழுப்பேறியிருக்கும். வாழைக்குலையை யாரேனும் அவிழ்த்துப் போயிருப்பார்கள். என்றாலும் கிழவிகள் விளக்கை மறப்பதில்லை. ஒன்பது நாள் பாட்டுக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பும் அம்மைக்குத் தட்டம் காட்டி, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, யானை களியக்காவிளைத் திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டே உள்ளே போகிறார்கள்.