புள்ளியும் விதியும்: கணினியில் கோலம் போடுவது எப்படி?

படத்தை நேரடியாக வரையாமல், அதை வரைவதற்கான விதியை மட்டும் நாம் எழுதி, அதன்படி கணினியை வரைய விடும் முறைக்கு 'ஜெனரேட்டிவ் ஆர்ட்' என்று பெயர். தமிழில் நிரல்வழிக் கலை எனலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "ஒரு படம் போடு" என்று கேட்பது வேறு. இங்கே ஒவ்வொரு கோடும் எந்த விதியால் வந்தது என்பதை நிரல் எழுதியவர் சொல்ல முடியும்.

எப்போது தொடங்கியது?

1965-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஜார்ஜ் நீஸ், கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1968 முதல் பாரிஸில் வேரா மோல்னார் கணினியைக் கொண்டு ஓவியம் படைத்தார். 2001-இல் கேசி ரியாஸ், பென் ஃபிரை இருவரும் கலைஞர்களுக்காக 'புரோசெசிங்' என்ற நிரல்மொழியை உருவாக்கினர். அதன் வழிவந்த 'பி5.ஜேஎஸ்' இணைய உலாவியிலேயே இயங்கும், கட்டணம் இல்லை.

கோலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கோலமும் விதிப்படி வளர்வதுதான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக எழுதிக் காட்டிய ஆய்வை 1974-இல் வெளியிட்டனர்.

சிக்குக் கோலம் போட்டுப் பார்ப்போம்

1. வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை, மொத்தம் 25 புள்ளிகள் வையுங்கள்.

2. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவில் ஓர் இடம் இருக்கும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் எண்ணினால் இப்படி 40 இடங்கள்.

3. ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம், அல்லது தொடாமல் வளைந்து திரும்பலாம். ஓரத்தில் எப்போதும் திரும்ப வேண்டும்.

4. கடப்பதா, திரும்புவதா என்பதை 'ரேண்டம்' கட்டளை காசு சுண்டுவதுபோல் முடிவு செய்யட்டும். வளைவுகளை 'ஆர்க்' கட்டளை வரையும்.

இப்படி ஒரு டிரில்லியனுக்கும் மேற்பட்ட வடிவங்கள் கிடைக்கும். ஆனால், பெரும்பாலானவை ஒழுங்கின்றிச் சிக்கிய நூல்போல் இருக்கும். அதனால் இன்னொரு விதி வேண்டும்: 10 இடங்களுக்கு மட்டும் காசு சுண்டி, அதையே கால் திருப்பம் வீதம் சுழற்றி மற்ற 30 இடங்களிலும் வையுங்கள். இப்போது 1,024 வடிவங்கள்தான் வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரேபோல் இருக்கும். அவற்றுள் ஒரே இழையில் முடிபவை எவை என்று கோட்டைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கவும் கணினியைப் பழக்கலாம்.

பிடித்த வடிவம் மறுபடி வேண்டுமானால் 'ரேண்டம்சீட்' கட்டளைக்கு ஓர் எண் கொடுங்கள். அதே எண்ணுக்கு அதே கோலம் வரும்.

பெற்றோர் கவனத்திற்கு

தோட்டத்தில் வாசல் தெளித்துக் கோலமிட்ட பாட்டிமார் பலர் இந்த விதிகளைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள், எழுதி வைத்ததில்லை. தாமான் வீடுகளுக்கு ஸ்டிக்கர் கோலம் வந்தபின் அதைக் கேட்பாரும் குறைந்துவிட்டனர். பாட்டி போடும் கோலத்தைக் கைபேசியில் படம் பிடித்தால் மட்டும் போதாது. எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எங்கே தொடங்கி எங்கே திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நிரல் எழுத உட்காரும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் குறிப்புதான்.