ரகசியக் குறிப்பும் நம் வேலையும்

போச்சம்பள்ளியிலிருந்து டிஎன்பிஎஸ்சி எழுதும் தோழர்களே! வேலை செய்யாத ஊழியரைக் காப்பாற்றச் சொல்லவில்லை நாம். அலட்சியமான அலுவலகத்தில் அதிகம் அலைவது சேரி மக்கள்தான். ஆனால் நீக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு.

பதவிநீக்கத்துக்கு முன் காரணம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்றது 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். 1950இல் அந்தப் பாதுகாப்பு அரசமைப்பின் 311ஆம் பிரிவானது. 'பொதுநலன் கருதிக் கட்டாய ஓய்வு' மட்டும், தண்டனையல்ல என்று சொல்லி வெளியே நிறுத்தப்பட்டது. ஊழியரிடம் காட்டாத பாதகக் குறிப்புகளைக் கணக்கில் எடுத்திருந்தாலும் அந்த ஓய்வு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 1992இல். ரகசியக் குறிப்பின் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற தீர்ப்பு, 2008இல் தேவ் தத்தின் பதவி உயர்வு வழக்கில்தான் வந்தது.

'திறமையில்லை' என்று எழுதும் பேனா சாதி பார்க்காது என்று யார் உறுதி தருவது? வேலையில் சேர்ந்ததும் ஆண்டுதோறும் உங்கள் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். பாதகமாக இருந்தால் எழுத்தில் மறுப்பு கொடுங்கள்.