கள்ளுக்கடையை மூடக் கேட்டவர்கள்

மதுவைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலை என்று பலர் எண்ணுகிறோம். 1937 அக்டோபர் 1ஆம் நாள் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஆனால் மலாயாவில் நிலைமை வேறு. பல தோட்டங்களின் உள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. காலையில் பால்வெட்டிச் சம்பாதித்த காசு மாலையில் அங்கே கரைந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி இவற்றோடு, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்றும் கேட்டனர். அரசாங்கம் நாதனைக் கைதுசெய்தது; பட்டாளத்தையும் அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கள்ளுக்கடைகள் தொடர்ந்தன.

போருக்குப் பின், கெடாவின் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையை நடத்தினார். 1947இல் கள்ளுக்கடை எதிர்ப்புப் போலீசாருடன் மோதலாக முற்றியது.

கூலியும் கள்ளும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது ஏன்? கூலி உயர்ந்தாலும் அது கடையோடு நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தோட்டத்து மக்கள் குடிப்பதற்கே பிறந்தவர்கள் என்று யாரேனும் இகழ்ந்தால், பிள்ளைகளே, இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள்.