ஒப்பந்தமும் குத்தகையும்: மலாயா, சிங்கப்பூர்ப் பொதுப்பணிகளில் தமிழர் நிலை

முன்னுரை

அரசுப் பணியொன்றைக் குறித்த விலைக்குச் செய்து தருவதாக எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தைத் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி என்பர். அதனைப் பெற்றவர் ஒப்பந்ததாரர். சிங்கப்பூரில் அதே நடைமுறை ஏலக்குத்தகை எனப்படுகிறது. பணியை ஏற்றவர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குத்தகையாளர் ஆவார். தமிழ்நாட்டில் நிலத்தோடு ஒட்டி நிற்கும் குத்தகை என்னும் சொல், கடல் கடந்த நாட்டில் கட்டடத்திற்கும் சாலைக்கும் உரியதாயிற்று. ஒப்பந்தம் என்னும் சொல்லோ புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் வேறொரு நினைவையே எழுப்புகிறது. தோட்டத்திற்குக் கட்டுண்டு வந்த தொழிலாளி ஒப்பந்தக் கூலி எனப்பட்டான். ஒரே பொருளுடைய இரு சொற்களுள் ஒன்று உழைப்பை விற்றவனுக்கும் மற்றொன்று பணியை விலைபேசியவனுக்கும் உரியதாக நின்றன. பொதுப்பணி வரலாற்றில் தமிழர் பெரிதும் முதல் அணியிலேயே நிறுத்தப்பட்டதன் காரணங்களையும் அதன் பின்விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏலமும் குத்தகையும்

சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளில் குத்தகை என்பது வருவாய்க் குத்தகையே. 1820இல் ஃபார்க்குவார் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளை ஏலத்தில் விட்டு அரசாங்கச் செலவுக்குப் பணம் திரட்டினார். இம்முறையில் மிகுதியாகத் தருபவர் வெல்வார். பணிக்கான ஏலக்குத்தகையில் குறைவாகக் கேட்பவர் வெல்வார். திசை வேறாயினும் இரண்டிற்கும் முன்தேவை ஒன்றே: முதலும் பிணையும் உடையவரே ஏலக் களத்தில் நிற்க இயலும்.

1819இல் இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தர்களை வருவித்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளராக அறியப்படுகிறார். 1822இல் அவருடைய துணிக்கடை தீக்கிரையானபோது கடனில் ஆழ்ந்தார். அவர் மீண்டெழுவதற்கு இராஃபிள்சு அளித்த நிலம் துணை நின்றது. திறமையோடு ஆட்சியாளரின் அறிமுகமும் அமைந்திருந்த ஒருவரின் வரலாறு இது. இதனைத் தமிழர் அனைவர்க்கும் திறந்திருந்த வழியாகக் கொள்வதற்கில்லை.

கைதிகளும் துறைத் தொழிலாளரும்

1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்த இவர்கள் சாலையமைத்தனர், செங்கல் அறுத்தனர், தச்சும் கல்வேலையும் பயின்றனர். புனித அந்திரேயர் பேராலயமும் 1869இல் நிறைவுற்ற ஆளுநர் மாளிகையும் அவர்கள் உழைப்பால் எழுந்தவை. பேராலயச் சுவர்களில் பூசப்பட்ட சென்னைச் சுண்ணச்சாந்து தென்னிந்தியத் தொழில்நுட்பத்தின் நேரடிச் சான்று. கைதிகளின் உழைப்பு கையிருக்கும்வரை இப்பணிகளை விலைபேசி விடவேண்டிய தேவை அரசாங்கத்திற்குக் குறைவாகவே இருந்தது.

1873இல் இக்கைதிகள் குடியிருப்பு முடிவுக்கு வந்தது. பெரிய கட்டடப் பணிகள் பெரும்பாலும் சீனக் குத்தகையாளர் கைக்குச் சென்றன. சாலைப் பராமரிப்பு, இருப்புப்பாதை, வடிகால், நகரத் துப்புரவு ஆகியவற்றைத் துறைகள் நேரடியாகவே நடத்தின; அவற்றுக்குத் தமிழ்த் தொழிலாளரை அமர்த்தின. 1907இல் சட்டமாகிய தமிழர் குடிவரவு நிதிக்குத் தோட்டங்களோடு அரசுத் துறைகளும் பங்களித்தன. அந்நிதியின் செலவில் தொழிலாளர் கப்பற்கட்டணமின்றி வந்து சேர்ந்தனர். தேவைப்படும் ஆட்களை இவ்வாறு நேரே வருவிக்கும் வாய்ப்பிருந்தபோது, சாலை செப்பனிடுவதையும் தெரு பெருக்குவதையும் குத்தகைக்கு விட வேண்டியதில்லை. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்த பின்னும் தமிழரின் இடம் செக்ரோலில்தான் இருந்தது. குத்தகைப் பத்திரத்தில் இல்லை.

களத்தில் நிற்பதற்கான விலை

தடை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். விலை முத்திரையிட்ட உறையில் இடப்படும். மிகக் குறைந்த விலையையோ வேறெந்த விலையையோ ஏற்கக் கடமைப்படவில்லை என்னும் வாசகம் அறிவிப்பின் இறுதியில் நிற்கும். உறையைப் பெட்டியில் இடுமுன்பே ஆங்கிலத்தில் அமைந்த அளவைப் பட்டியலைப் படித்துணர வேண்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டும். பிணை நிற்போரைக் காட்ட வேண்டும். பணி கிடைத்த பின் பொருளுக்கும் கூலிக்கும் தன் முதலைச் செலவிட்டு, பட்டியல் தேறிப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படும். ஆகவே குறைந்த விலைக்குச் செய்ய வல்லவர் யார் என்பதைவிடக் காத்திருக்க வல்லவர் யார் என்பதே போட்டியின் முடிவை உறுதி செய்தது. நாட்கூலி பெற்றவரால் இவ்வாறு காத்திருக்க இயலவில்லை. முதல் படைத்த நகரத்தார் அதனை வட்டித் தொழிலிலும் நிலத்திலும் இட்டனர். தொழிலறிவு ஓரிடத்திலும் முதல் மற்றோரிடத்திலுமாகத் தமிழ்ச் சமூகத்துள்ளேயே பிரிந்து கிடந்தன.

மன்றமும் மாற்றமும்

குத்தகையை வழங்குபவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினாவும் இதனோடு இணைந்தது. இந்தோனேசிய மோதலின்போது, 1965இல், மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அமைந்த அரச ஆணையத்திற்குத் தமிழரான ஆதி நாகப்பன் தலைமையேற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே மீண்டும் வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ் உறுப்பினர் நியமனம் பெற்றனர். தம் தெருவின் பணி யாருக்கு, எவ்விலைக்கு அளிக்கப்பட்டது என்பதற்கு வாக்கால் விடை கேட்கும் வழி வரி செலுத்துவோர்க்கு அடைபட்டது.

1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, வாணிகத்தில் மிகக் குறைந்த பங்கே பெற்றிருந்த மலாய் மக்களை முன்னேற்றும் நோக்கமுடையது. அதன் வழியில் மிகச் சிறிய பணிகளுக்கான எஃப் பிரிவுக் குத்தகைகள் பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கப்பட்டன. புல் வெட்டுதல், கால்வாய் தூர்வாருதல் போன்ற சிறு பணிகள், அவற்றையே செய்து பழகிய துறைத் தொழிலாளி குத்தகையாளராக உயர்வதற்குரிய முதற்படி ஆகியிருக்கக் கூடியவை. 1983இல் அறிவிக்கப்பட்ட தனியார்மயக் கொள்கை துறைகளின் நேரடி வேலைகளைப் படிப்படியாக நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அதனால் செக்ரோலில் இருந்த இடம் சுருங்கியது. குத்தகையின் முதற்படியோ முன்னரே கைக்கெட்டாததாகியிருந்தது. ஒரு மாற்றத்தை மட்டும் தனித்து நோக்குவோர்க்கு இவ்விழப்பின் முழு அளவு புலப்படாது.

சிங்கப்பூரில் இவ்வாறான இன ஒதுக்கீடு இல்லை. 2000 முதல் அரசுக் கொள்முதல் மின்வழியில் நடைபெறுகிறது. அறிவிப்பை எவரும் காணலாம். ஆயினும் முதல், முன்னனுபவம், காத்திருக்கும் வலிமை ஆகிய பழைய நிபந்தனைகளைக் கணினித்திரை நீக்கிவிடவில்லை.

முடிவுரை

குத்தகை ஆவணம் தன் இயல்பால் ஒருவர் பெயரையே பதிவு செய்கிறது. பணியை முடித்த பலர் அதில் இடம்பெறுவதில்லை. துறையே நேரடியாகச் செய்த பணிக்கு அந்த ஒரு பெயரும் இல்லை. எனவே குத்தகையாளர் பெயர்களை மட்டும் திரட்டி எழுதப்படும் பொதுப்பணி வரலாற்றில் தமிழர் அருகியே தோன்றுவர். கூலிப்பதிவேடுகளைக் கொண்டு மட்டும் எழுதினால் வெறும் உழைப்பாளராகவே தோன்றுவர். நகராட்சிக் கூட்டக் குறிப்புகள், அரசிதழ் அறிவிப்புகள், துறை ஆண்டறிக்கைகள், குடிவரவு நிதிக் கணக்குகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் யார் விலைபேசினர், யார் விலைபேசும் வாய்ப்பே பெறவில்லை, யார் செய்து முடித்தனர் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டாலன்றி ஒப்பந்தம், குத்தகை என்னும் இரு சொற்களுக்கு இடையே நேர்ந்த பிரிவினை விளங்காது.