கரகரப்பின் கதை

அறுபதுகளில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் போதும், கரகரவென்று சத்தம் வந்து செய்தியை விழுங்கிவிடும். அப்பா வண்டிக்காரனைத் திட்டுவார். உங்களில் பலருக்கும் இது நினைவிருக்கும்.

குற்றவாளி ஸ்பார்க் பிளக்தான். 1880களில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கிக் காட்டியதே மின்பொறியைக் கொண்டுதான். ஆக, பெட்ரோலில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் தன்னை அறியாமலே ஒரு குட்டி ரேடியோ நிலையம்!

இந்தத் தொல்லைக்கு வரம்பு கட்ட 1934-ல் பாரீசில் ஒரு சர்வதேசக் குழு கூடியது. 'சிஸ்பர்' என்பார்கள். பெயரே பிரெஞ்சுதான். அதில் வரும் 'பெர்த்துர்பாசியோன்' என்றால் இடையூறு. பள்ளியில் திக்தே எழுதும்போது நான் பிழை விட்ட வார்த்தை! பிளக்கிலும் வயரிலும் ரெசிஸ்டன்ஸ் சேர்த்துச் சத்தத்தை அடக்கினார்கள். 1972-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை இதற்கென்றே ஓர் ஆணை போட்டது.

பிறகு கதை தலைகீழானது. காருக்குள் எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. 1978-ல் மெர்சிடஸ் காரில் பாஷ் கம்பெனியின் ஏ.பி.எஸ். பிரேக் வந்தது. அதுவரை தொந்தரவு கொடுத்த கார், இப்போது தொந்தரவுக்கு ஆளாகும் கார் ஆனது. 1995-ல் அந்த ஆணையைத் திருத்தி, வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையையும் கார் தாங்க வேண்டும் என்றார்கள்.

அடுத்து வந்தது செல்போன். ஜி.எஸ்.எம். போன் ஒரே சீராக அலை விடுவதில்லை. எட்டுப் பேர் முறை வைத்துப் பேசுவதுபோல, 4.6 மில்லி செகண்டில் 577 மைக்ரோ செகண்ட் மட்டும் விடும், பிறகு ஓயும். ஒரு செகண்டில் 217 தடவை இப்படி. சீரான அலையைச் சட்டை செய்யாத சர்க்யூட்கூட, இந்தத் துடிப்பைத் தனக்கு வந்த சேதி என்று நினைத்துக்கொள்ளும்.

இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். ஓய்வு பெற்ற புதிதில் காது மிஷின் வைத்தேன். பாரீசிலிருந்து மகள் போனில் பேசினால் 'டுர்ர்ர்' என்ற இரைச்சல்தான் கேட்டது. மீதிக் காதும் போய்விட்டது என்றே பயந்தேன். அவளிடம் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, காதில் கோளாறு இல்லை, அந்த 217தான் என்று.

எனக்கு மகள் பேச்சோடு போயிற்று. ஓடும் காரில் பிரேக் ஏமாந்தால்? அதனால்தான் 2004-ல் வந்த ஐரோப்பிய விதி, 800 மெகாஹெர்ட்சுக்கு மேல் துடிப்பு அலையாலேயே சோதிக்கச் சொன்னது. சிக்னல் ஜெனரேட்டர் சீரான அலையைத் தரும். மின் ஸ்விட்ச் ஒன்று அதை 577 மைக்ரோ செகண்ட் திறந்து, மீதி நேரம் மூடும். ஆம்ப்ளிஃபையர் பலம் கூட்ட, ஆன்டெனா அதைக் காரின்மேல் வீசும். எதிரொலி இல்லாத அறையில் உருளைகள்மேல் கார் 50 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் மாறக்கூடாது, வைப்பர் நிற்கக்கூடாது.

மின்பொறியும் துடிப்புதான், செல்போனும் துடிப்புதான். அன்று அப்பா திட்டிய வண்டி, இன்று அந்தத் துடிப்பைத் தாங்கிக் காட்டினால்தான் அங்கே விற்பனைக்கே வர முடியும்.